ஸ்பானிஷில் மீன் பிடிக்கலாம், வாங்க!

"காட்டூர்க்காரிக்கு ஸ்பானிஷ் எதுக்குங்க?" என்று சிரிக்கிறார்கள். மாட்ரிட்டில் வளரும் பேரனுக்கு அந்தப் பாஷைதான் வருகிறது. பழவேற்காடு ஏரியில் வலை வீசிய, இன்று நம்மோடு இல்லாத தாத்தாவைப் பற்றி அவனுக்கு நான் சொல்ல வேண்டாமா?

கஷ்டமே இல்லை, சகோதரிகளே! தமிழைப் போலவே வினைச்சொல்லின் கடைசிப் பகுதியே காலத்தைக் காட்டிவிடும். மீன் பிடிப்பதற்கு 'பெஸ்கார்'. பிடிக்கிறார் என்பது 'பெஸ்கா'. நாளைக்குப் பிடிப்பார் என்பது 'பெஸ்காரா'.

இறந்த காலம்தான் இரண்டு. ஒரு நாள் பிடித்தார், முடிந்தது என்றால் 'பெஸ்கோ'. கடைசி எழுத்தை அழுத்துங்கள். இல்லாவிட்டால் 'நான் பிடிக்கிறேன்' என்றாகிவிடும்! 'அந்தக் காலத்தில் தினம் பிடிப்பார்' என்கிறோமே, அதற்கு 'பெஸ்காபா'.

என் வீட்டுக்காரருக்கு நான் எடுத்துக்கொண்டது 'பெஸ்காபா'. முடிந்துபோனதாக அது சொல்வதில்லை பாருங்கள்!