இதய நுண்குழல் நோய்

இதய நுண்குழல் நோய் என்பது இதயத் தசைக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் மிகச் சிறிய தமனிகள் தேவைக்கேற்ப விரிவடையாமையாலோ திடீரெனச் சுருங்குவதாலோ ஏற்படும் நோயாகும். இதயத்தின் மேற்பரப்பில் ஓடும் பெரிய தமனிகள் சில மில்லிமீட்டர் அகலமுடையவை. இந்நோயில் பாதிக்கப்படுபவையோ அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுடையவை. வழக்கமான ஆஞ்சியோகிராம் சோதனையில் இவை தெரிவதில்லை. இதனால், பெரிய தமனிகளில் அடைப்பு இல்லை என்பதையே சான்றாகக் கொண்டு, நெஞ்சுவலிக்கு இதயம் காரணமன்று எனக் கூறி நோயாளிகளைத் திருப்பி அனுப்புவதும் உண்டு. இவர்களுள் மாதவிடாய் நின்ற பெண்கள் கணிசமானோர். 1973 இல் அறிமுகமான 'சின்ட்ரோம் எக்ஸ்' என்ற பழைய பெயரே, காரணம் அப்போது விளங்காமலிருந்ததைக் காட்டுகிறது.

மருத்துவம்

உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம், மிகை கொலஸ்டிரால் ஆகியன நுண்குழல்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. அடைப்பு ஓரிடத்தில் இல்லாததால் ஸ்டென்ட், பைபாஸ் அறுவை ஆகியவற்றால் இதற்குப் பயனில்லை, மருந்துகளே அடிப்படை. இதயத் தசை பெரும்பாலும் இதயம் தளரும் வேளையிலேயே குருதியைப் பெறுகிறது. துடிப்பு விரைந்தால் அவ்வேளை குறுகும். துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பிகள் உதவுவது இதனாலேயே.

உடற்பயிற்சி

வலிக்கு அஞ்சி அசையாதிருப்பது உடல்திறனைக் குறைத்து, சிறு வேலையிலேயே வலி தோன்றச் செய்யும். மருத்துவர் சோதித்து இசைந்த பின், சமதரையில் மெதுவாக நடக்கத் தொடங்குவது ஏற்றது. முதல் 5 முதல் 10 நிமிடங்கள் உடலைச் சூடேற்றுவதற்கானவை. இத்தயார்ப்படுத்தலைத் தவிர்ப்பது பெருந்தவறு. முடிவிலும் சட்டென நிற்காமல் வேகத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

பீட்டா தடுப்பி உட்கொள்வோருக்கு நாடித்துடிப்பு எண்ணிக்கை நம்பத்தக்க அளவுகோலன்று. நடக்கும்போது இடையில் மூச்சிரைக்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதே எளிய சோதனை. மூச்சையடக்கிப் பளு தூக்குதல், கடுங்குளிரில் ஓடுதல், உண்டவுடன் பயிற்சி செய்தல் ஆகியன தவிர்க்கத்தக்கவை.

நெஞ்சுவலி, தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே நிறுத்தி அமர வேண்டும். இந்நோயில், ஓய்வெடுத்த பின்னரும் வலி நெடுநேரம் நீடிக்கலாம். நாவின் கீழ் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையும் எல்லோருக்கும் பயன்தருவதில்லை. ஆயினும், வலி தணியாதபோது அதை வழக்கமான வலியென்று தாமே முடிவுசெய்துகொண்டு காத்திருப்பது ஆபத்தானது. மாரடைப்பையும் இதனையும் வீட்டிலிருந்தவாறு வேறுபடுத்தி அறிய இயலாது என்பதால், அவசர மருத்துவ உதவியை நாடுவதே முறை.