அஞ்சலி விளம்பரங்களில் வாழும் குடும்ப வரலாறு

கண்ணீர் அஞ்சலி, முதலாமாண்டு நினைவஞ்சலி, மணமக்களுக்கு வாழ்த்து, காதணி விழா அழைப்பு என நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கங்களில் வரும் சிறு அறிவிப்புகள் குடும்ப வரலாறு தேடுவோருக்கு முதன்மையான ஆவணங்கள். திருச்சி–திண்டுக்கல் சாலையிலுள்ள வையம்பட்டி போன்ற ஊர்களில் இவற்றின் மதிப்பு இன்னும் கூடுதல். பட்டாவும் தாய்ப்பத்திரமும் நிலத்துக்கு உரியவரின் பெயரைத்தான் சொல்லும்; பெரும்பாலும் அது ஓர் ஆணின் பெயராகவே இருக்கும். நிலமே இல்லாத குடும்பத்துக்கு அதுவும் கிடையாது. ஓர் அஞ்சலி விளம்பரமோ மனைவி, மகன்கள், மகள்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், அவரவர் ஊர், வேலை எல்லாவற்றையும் ஒரே கட்டத்துக்குள் தந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் கட்டாயமானது. அதற்கு முந்தைய திருமணங்கள் பலவற்றுக்கு அழைப்பிதழும் மொய் நோட்டும் பத்திரிகைக் குறிப்பும்தான் எழுத்துச் சான்று. சுயமரியாதைத் திருமணங்கள் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அவை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1953இல் தீர்ப்பளித்தது. 1967இல் அண்ணா ஆட்சியில் நிறைவேறிய சட்டத்திருத்தம்தான், முன்பு நடந்தவற்றையும் சேர்த்து, அவற்றைச் சட்டப்படி ஏற்றது. அந்தத் திருத்தத்துக்கு முந்தைய மணமக்கள் பலரின் பெயரையும் ஊரையும் தலைமை தாங்கியவரையும் பதிந்துவைத்தவை 1925இல் தொடங்கிய ‘குடி அரசு’ போன்ற சுயமரியாதை இயக்க இதழ்களே. மணப்பாறைப் பகுதிக் குடும்பங்கள், மணவை ரெ. திருமலைசாமி திருச்சியிலிருந்து நடத்திய ‘நகர தூதன்’ இதழையும் தேடிப் பார்க்க வேண்டும்.

படிக்கும் முறை

அறிவிப்பின் ஒவ்வொரு சொல்லும் ஒரு துப்பு. ‘சிவபதவி அடைந்தார்’, ‘ஆசாரியன் திருவடி அடைந்தார்’, ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’, ‘வபாத்தானார்’, ‘இயற்கை எய்தினார்’ என்பவை அந்த வீட்டின் சமயத்தையோ கொள்கையையோ காட்டும். இறுதிச் சடங்கு நடந்த முகவரி, குடும்பம் எந்த ஊருக்குக் குடிபெயர்ந்தது என்பதைச் சொல்லும். பெயருக்குமுன் நிற்கும் தலைப்பெழுத்து, தந்தையின் பெயரைத் தேடத் தொடங்கும் இடம். அதே சமயம், வயது குத்துமதிப்பாக இருக்கலாம். பிணங்கிய உறவினரின் பெயர் விடுபட்டிருக்கலாம். பள்ளிச் சான்றிதழ், பழைய வாக்காளர் பட்டியல், கோயில் அல்லது தேவாலயப் பதிவேடு ஆகியவற்றோடு ஒப்பிட்ட பிறகே ஒரு தகவலை உறுதியாகக் கொள்ள வேண்டும்.

நாளிதழ்கள் ஊருக்கு ஊர் தனிப்பதிப்பு வெளியிடுவதால், திருச்சிப் பதிப்பில் வந்த விளம்பரம் சென்னைப் பதிப்பில் இருக்காது. வையம்பட்டிக்காரர்களுக்குக் கொள்வினை கொடுப்பினை திண்டுக்கல், கரூர்ப் பக்கமும் உண்டு; ஆகவே அந்தப் பகுதிக்கான பதிப்புகளையும் பார்ப்பது அவசியம்.

காக்கும் முறை

செய்தித்தாள் மலிவான மரக்கூழால் ஆனது. அதிலுள்ள லிக்னின் ஒளியும் காற்றும் பட்டு மாறி, அமிலத்தன்மை கூடி, தாள் மஞ்சளித்து நொறுங்கும். நறுக்கி எடுக்கும்போதே இதழின் பெயர், பதிப்பு, தேதி, பக்க எண் ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதிச் சேர்க்க வேண்டும். தேதி இல்லாத நறுக்கு பாதிப் பயனை இழந்துவிடும். செல்லோடேப் ஒட்டுவதும் லேமினேஷன் செய்வதும் தாளைக் கெடுக்கும். அமிலமற்ற உறையில், வெயிலும் ஈரமும் கரையானும் அண்டாத இடத்தில் வைப்பதே நல்லது. 300 டிபிஐ அல்லது அதற்கு மேற்பட்ட தெளிவில் ஸ்கேன் செய்து, இரண்டு வெவ்வேறு இடங்களில் பிரதி வைக்க வேண்டும்.

அடுத்த வேலை அட்டவணை. தமிழர் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லாததால், பெயரோடு தந்தை பெயர், கணவர் பெயர், பிறந்த ஊர், புகுந்த ஊர், குலதெய்வம் ஆகியவற்றுக்கும் தனிப் பத்திகள் தேவை. உயிரோடிருப்பவர்களின் முகவரியும் தொலைபேசி எண்ணும் பொதுவெளிக்குப் போகக்கூடாது.

முன்னோடிகள்

இத்தகைய எளிய அச்சுப்பொருள்களின் அருமையைத் தனி மனிதராக உணர்ந்தவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. நூல்களோடு திருமண அழைப்பிதழ்களையும் நாடக நோட்டீசுகளையும் அவர் சேர்த்தார். அந்தச் சேகரிப்பின்மீதுதான் 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்த 31ஆம் நாளையொட்டி வெளியிடும் ‘கல்வெட்டு’ எனும் நினைவு மலரில் வம்சாவளியும் இடம்பெறுவதுண்டு. 1981இல் யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏராளமான நூல்களும் சுவடிகளும் அழிந்தன. ஈழத்து ஆவணங்களை மின்வடிவில் காக்க 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ திட்டம் நினைவு மலர்களையும் சேர்த்து வருகிறது.

வையம்பட்டி வட்டாரத்தில் இத்தகைய சேகரிப்பை ஊர் நூலகமும் பள்ளிகளும் சேர்ந்தே தொடங்கலாம். வீடுகளிலிருந்து நறுக்குகள், அழைப்பிதழ்கள், மொய் நோட்டுகள் ஆகியவற்றை வாங்கி, ஸ்கேன் செய்து, மூலத்தை உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊரில் பெண் எடுத்தார்கள் என்று சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அந்த விவரங்களைக் கேட்டு எழுதிச் சேர்ப்பது இந்தப் பணியில் முதலில் செய்ய வேண்டியது.