உறிஞ்சாத குழி, எரியும் வாயு

2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் தரை ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே இறங்கியது. ஸ்ரீ விஜயபுரத்துக்கு (பழைய போர்ட் பிளேர்) அருகே சிப்பிகாட்டில் வயல்களுக்குள் புகுந்த கடல்நீர் பல இடங்களில் வெளியேறவே இல்லை. இன்று அங்கே பறவை பார்க்கப் போகிறார்கள். இந்த மாதிரி தாழ்நிலத்தில் வீட்டு செப்டிக் டேங்கிலிருந்து வழியும் நீரை உறிஞ்சுகுழி எங்கே உறிஞ்சும்? சற்றுத் தோண்டினாலே தண்ணீர். போதாததற்கு ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டரை ஒட்டிய மழை.

இதற்கு ஒரு வழி, கழிவை மூடிய தொட்டியில் நுண்ணுயிர்களிடம் ஒப்படைத்து எரிவாயு எடுப்பது. இது புதிய யோசனை அல்ல. பம்பாய் மாதுங்காவில் தொழுநோயாளர் இல்லத்தில் 1897-இல் அமைத்த தொட்டியின் வாயுவால் இன்ஜின் ஓட்டியிருக்கிறார்கள். சென்னையில் கோயம்பேடு, கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையங்களில் அதே வாயுவில் மின்சாரம் எடுக்கிறார்கள்.

தொட்டிக்குள் நடப்பது கூட்டு வேலை. ஒரு கூட்டம் கொழுப்பையும் புரதத்தையும் உடைக்கிறது. அடுத்தது அவற்றை அமிலமாக்குகிறது. கடைசியில் ஆர்க்கியா என்னும் தொன்மையான நுண்ணுயிர்கள் மீத்தேனை வெளியேற்றுகின்றன. இவை மெதுவாகப் பெருகுபவை. ஆக்சிஜன் பட்டால் முடங்கும். அமிலம் மிஞ்சினாலும் அப்படித்தான். கழிப்பறையில் ஃபினாயிலைத் தாராளமாக ஊற்றும் வீட்டில் இவற்றுக்கு வாழ்வில்லை. குளிரிலும் சுணங்கிவிடும் என்பதால், பனிமலை முகாம்களுக்கென பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ குளிர் தாங்கும் நுண்ணுயிர்க் கலவையை உருவாக்க வேண்டியிருந்தது. அந்தமானின் வெயிலில் அந்தச் சிரமம் இல்லை.

சிப்பிகாட்டின் சிக்கல் உப்பு. கடல்நீரில் லிட்டருக்கு இரண்டரை கிராமுக்கு மேல் சல்பேட் இருக்கிறது. அது தொட்டிக்குள் கசிந்தால் சல்பேட்டை உண்ணும் பாக்டீரியாக்கள் ஓங்கி, மீத்தேன் செய்பவற்றின் இரையைப் பறித்துக்கொள்ளும். விளைவது எரிவாயு அல்ல, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அடுப்பையும் குழாயையும் அரிப்பதும் அதுவே.

இனி அடுப்புக் கணக்கு. ஒருவரின் மலத்திலிருந்து நாளுக்குச் சுமார் 30 லிட்டர் வாயு. ஐந்து பேர் வீட்டுக்கு 150 லிட்டர்: சின்ன அடுப்பு அரைமணி நேரம் எரியும், காலைக் காபியோடு சரி. சாணமோ சமையலறைக் கழிவோ சேர்த்தால்தான் சோறு வேகும். எனவே ஒற்றை வீட்டில் வாயுவுக்காக மட்டும் இதைக் கட்டச் சொல்லமாட்டேன். ஓடைக்குப் போகும் அழுக்கு குறையும் என்பதே போதுமான காரணம். தொட்டி நீரில் நைட்ரஜனும் நோய்க்கிருமிகளும் மிச்சமிருக்கும். சரளைமேல் நாணலோ கல்வாழையோ வளர்த்த படுகை வழியே அதை விட்டால் இன்னும் தெளியும்.

200 பேர் தங்கும் விடுதியில் கணக்கு மாறுகிறது. நாளுக்கு ஆறு கனமீட்டர் வாயு, அதாவது இரண்டரை கிலோ சமையல் எரிவாயுவுக்கு ஈடு. கப்பலேறி வரும் எரிவாயுவில் ஐந்தாறு நாளுக்கு ஒரு சிலிண்டர் மிச்சம். தொட்டியை மட்டும் ஓதம் எட்டாத மட்டத்தில், கசிவில்லாமல் கட்ட வேண்டும்.