பறித்த பின்னும் மூச்சுவிடும் கீரை

கொல்லைப்புற முருங்கையிலிருந்து ஒடித்த கொத்துக்கும் சந்தையில் வாங்கிய கட்டுக்கும் உள்ள வேறுபாடு, மண்ணிலும் எருவிலும் இருப்பதைவிட, பறித்தலுக்கும் சமைத்தலுக்கும் இடையே கழியும் நேரத்திலேயே பெரிதும் இருக்கிறது. மரத்தைவிட்டுப் பிரிந்த இலை உடனே இறந்துவிடுவதில்லை. சேர்த்துவைத்த சர்க்கரையை ஆக்சிஜனின் துணையால் சிதைத்து ஆற்றல் பெறும் சுவாசம் அதில் தொடர்கிறது, ஆனால் வேரிலிருந்து வரும் நீர் நின்றுவிடுவதால், இலைத்துளைகள் வழியே ஆவியாகும் ஈரத்தை ஈடுசெய்ய அதற்கு வழியில்லை. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் சுவாசத்தின் வேகம் ஏறத்தாழ 2 முதல் 3 மடங்காகும் என்பதால், வெயிலேறுமுன் பறித்து அன்றே ஆய்ந்து சமைக்கும் பழக்கத்திற்கு நல்ல காரணம் உண்டு.

இந்த இடைவெளியில் முதலில் தேய்வது வைட்டமின் சி. இலை வாடுகையில் உயிரணுக்களின் சவ்வுகள் சிதைய, அதுவரை தனித்திருந்த வைட்டமினும் அதை ஆக்சிஜனேற்றம் செய்யும் நொதியும், அதாவது வேதிவினையை விரைவுபடுத்தும் புரதமும், கலந்துவிடுகின்றன. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணை 100 கிராம் முருங்கைக்கீரையில் 220 மில்லிகிராம் வைட்டமின் சி என்று குறிக்க, அதே நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணை ஏறத்தாழ 108 மில்லிகிராம் என்கிறது. ரகம், முதிர்ச்சி, மண், அளவிடும் முறை ஆகியவற்றோடு, மாதிரி ஆய்வகத்தை அடைய எடுத்துக்கொள்ளும் நேரமும் இத்தகைய எண்களை மாற்றக்கூடியது என்பதால், முருங்கைப் பொடி விளம்பரங்களின் ‘இத்தனை மடங்கு’ கணக்குகளை ஐயத்தோடு நோக்குவதே முறை.

கீரையை உருவும் சலிப்பைத் தவிர்க்க, கொத்துகளைத் துணியிலோ செய்தித்தாளிலோ சுற்றி இரவெல்லாம் வைத்திருந்து, காலையில் உதறி இலைகளை உதிர்த்துக்கொள்ளும் உபாயம் பல வீடுகளில் உண்டு. ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் உதிர்வு மண்டலம் எனப்படும் மெல்லிய உயிரணு அடுக்கு இருக்கிறது; பறித்த இலைகளே வெளியிடும் எத்திலீன் என்னும் வளிம ஹார்மோன் சுற்றிய கட்டுக்குள் தங்கி, அவ்வடுக்கின் சுவர்களைக் கரைக்கும் நொதிகளைத் தூண்ட, இலைகள் கழன்றுகொள்கின்றன. விரல்களுக்குக் கிடைக்கும் ஓய்வுக்கு ஓர் இரவின் வைட்டமின் இழப்பு விலையாகிறது. கீரையே சமைக்காமல் விடுவதோடு ஒப்பிட்டால் அது கொடுக்கத்தக்க விலைதான்.

தாவரவியல் வகைப்பாட்டில் முருங்கை, கடுகும் முட்டைக்கோசும் அடங்கிய வரிசையைச் சேர்ந்தது. இவ்வரிசைத் தாவரங்களில் குளுகோசினோலேட் என்னும் கந்தகச் சேர்மங்களும் மைரோசினேஸ் என்னும் நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. திசு கசங்கும்போது இரண்டும் சந்தித்து, காரநெடியுள்ள ஐசோதயோசயனேட்டுகளை உண்டாக்குகின்றன. பச்சையாக அரைத்த இலையில் காரம் தெரிவதும், கொதிநீரில் முழுதாக இட்ட இலையில் அது அடங்கிவிடுவதும், வெப்பம் அந்த நொதியைச் செயலிழக்கச் செய்வதன் விளைவு.

கீரையை மூடி வேகவைக்கக் கூடாது என்னும் அடுக்களை விதிக்கும் வேதியியல் ஆதாரம் உண்டு. இலைக்குப் பசுமை தரும் பச்சையத்தின் நடுவே ஒரு மக்னீசிய அணு அமைந்திருப்பதை நிறுவிய ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர், தாவர நிறமி ஆய்வுகளுக்காக 1915இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். வெப்பத்தால் உயிரணுக்கள் உடையும்போது வெளிப்படும் கரிம அமிலங்களின் ஹைட்ரஜன், மக்னீசியத்தை வெளியேற்றி அவ்விடத்தைப் பிடிக்க, பச்சையம் மங்கிய பழுப்புப் பச்சையான ஃபியோஃபைட்டினாக மாறுகிறது. பாத்திரத்தைத் திறந்துவைத்தால் ஆவியாகும் தன்மையுள்ள அமிலங்களில் ஒரு பகுதி வெளியேறிவிடும். எனினும் நிறத்தைக் காப்பதில் வேகும் நேரத்தைக் குறைப்பதற்கே பங்கு அதிகம். ஆப்பசோடா சேர்த்தாலும் பச்சை நிலைக்கும். ஆனால் காரத்தன்மை மிகுந்த நீரில் வைட்டமின் சியும் தயமினும் அழிவதோடு கீரையும் குழைந்துவிடுவதால், அது கண்ணுக்காக வயிற்றை ஏமாற்றும் வேலை.

வேகவைத்த நீரை வடித்துக் கொட்டினால் நீரில் கரையும் சத்துகளும் போய்விடும். ஆக்சலேட் மிகுந்த பாலக், முளைக்கீரை போன்றவற்றைச் சிறுநீரகக் கல் உள்ளவர்கள் உண்ணும்போது மட்டும் வடிப்பதில் நன்மை உண்டு. நீரோடு ஆக்சலேட்டின் ஒரு பகுதியும் நீங்குகிறது. பொரியலில் சேரும் எண்ணெயும் தேங்காய்த் துருவலும் சுவைக்காக மட்டும் அல்ல. உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைந்தே குடலில் உறிஞ்சப்படுகிறது. தாவர உணவின் இரும்போ உடலில் எளிதில் சேராதது. உடன் உண்ணும் வைட்டமின் சி அதற்குத் துணைசெய்வதால், அடுப்பை அணைத்து இறக்கிய பின் எலுமிச்சை பிழிவது நிறத்தைப் பெரிதும் கெடுக்காமலே இரும்பைக் கூட்டித் தரும். உண்ட கையோடு அருந்தும் தேநீரின் டானின்கள் அதே இரும்பைப் பிணைத்துக்கொள்வதால், தேநீரை ஒரு மணி நேரமேனும் தள்ளிவைப்பது நல்லது.