கண்டியில் கோவை அடுக்கிய ஜூலியா

பேராதனைப் பூந்தோட்டத்தில் 1944ஆம் ஆண்டு மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் இயங்கியது. அக்காலத்தில் கண்டியிலிருந்த அமெரிக்க உளவுப் பிரிவில் இரகசியக் கடிதங்களைப் பதிந்து கோவைப்படுத்தும் பொறுப்பில் இருந்தவர் ஜூலியா மக்வில்லியம்ஸ். வயது 32. ஆறடிக்கு மேல் உயரம். சமையலில் பெரிய ஆர்வமோ பழக்கமோ அவருக்கு இருக்கவில்லை.

இங்குதான் அவர் போல் சைல்ட் என்பவரைச் சந்தித்தார். 1946இல் திருமணம். 1948இல் கணவருடைய அரசாங்க வேலை காரணமாக இருவரும் பாரிஸ் நகருக்குப் போனார்கள். நோரா எஃப்ரன் இயக்கி 2009இல் வெளிவந்த 'ஜூலி அண்ட் ஜூலியா' படம் காட்டுவது அதன் பின்னரான வாழ்க்கையை. நம் கண்டி அதில் வரவில்லையே என்று எனக்குச் சிறு மனக்குறை. ஜூலியாவின் 524 சமையல் குறிப்புகளையும் ஒரே வருடத்தில் சமைத்து முடிக்க 2002இல் முனைந்த நியூயோர்க் பெண் ஜூலி பவலின் கதையும் கூடவே வருகிறது. ஆனால், மெரில் ஸ்ட்ரீப் ஜூலியாவாக வரும் பகுதிதான் மனதில் நிற்கிறது.

37 வயதில் ஜூலியா பாரிஸ் சமையற் கல்லூரியில் சேர்ந்தார். வகுப்பில் கூட இருந்தவர்கள் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க ஆண்கள். அவர்களுடைய படிப்புச் செலவை அவர்களது அரசாங்கம் கொடுத்தது. போருக்குப் பிறகு தொழில் கற்பிக்கவேண்டும் என்று அந்நாடு அவர்களைப் பற்றியாவது நினைத்திருக்கிறது! ஜூலியா முதற் பரீட்சையில் தோற்று, மீண்டும் எழுதிச் சித்தியடைந்தார்.

கட்டுகஸ்தோட்டையில் சில பெண்களோடு இருந்து இந்தப் படத்தைப் பார்த்தேன். யுத்தத்தில் கணவரை இழந்து இங்கு வந்த ஒருவர், "அவவுக்கு மனுசன்ர சம்பளம் இருந்தது. எங்களுக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வாடகை கட்டவேண்டிய பெண் ஒரு புத்தகத்துக்காக வருடக்கணக்கில் காத்திருக்க முடியாது. ஜூலியாவும் இரண்டு பிரெஞ்சுப் பெண்களும் சேர்ந்து எழுதிய அந்த நூலை முதலில் ஒரு பதிப்பகம் வேண்டாமென்றது. வேறொரு பதிப்பகம் 1961இல் வெளியிட்டபோது அவருக்கு வயது 49.

அவரிடமிருந்து நாங்கள் எடுக்கக்கூடியது அளவு. ஒரே உணவைத் திரும்பத் திரும்பச் சமைத்து, அளந்து, எழுதிவைத்தார். பின்னர் 1970இல் வந்த இரண்டாம் பாகத்தில் பிரெஞ்சுப் பாணுக்குரிய செய்முறையைச் சரிப்படுத்த மட்டும் 284 இறாத்தல் மா செலவானதாம். எங்கள் பெண்களின் கைப்பக்குவம் அதற்குக் குறைந்ததல்ல. ஆனால் ஒரு சிறங்கை மா, கொஞ்சம் உப்பு என்று கண்ணளவில் போட்டால், நூறு இடியப்பத்துக்கு எவ்வளவு தேங்காய், எவ்வளவு எரிவாயு முடிந்தது என்று தெரியாது. விலையை வாங்குபவரே தீர்மானித்துவிடுவார். விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பிய கூலி கணக்கிலேயே வராது.

பூந்தோட்டத்துக்கு எதிரே, மகாவலி கங்கையின் மறுகரையில் உள்ளது கன்னொறுவை. அங்கே விவசாயத் திணைக்களத்தின் 'ஹெல போஜுன்' உணவகத்தில் பெண்கள் வாடிக்கையாளர் கண்முன்னாலேயே சமைத்து விற்கிறார்கள். கோதுமை மா இல்லை. அரிசி மாவும் குரக்கனும்தான். வடக்கில் 'அம்மாச்சி' என்ற பெயரில் நடப்பவையும் இதே மாதிரியானவை. சமைத்து விற்க எண்ணியிருக்கும் சகோதரிகள் ஒரு நாள் போய்ப் பார்க்கலாம். போகும்போது ஒரு கொப்பியையும் கொண்டுபோங்கள். ருசி பார்ப்பதோடு, ஒரு பண்டம் என்ன அளவு, என்ன விலை என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.