பிரெஞ்சு மொழியின் இரண்டாம் ஆண்டு

புதிய மொழியொன்றைப் பள்ளியிற் கற்கப் புகும் மாணவனுக்கு முதலாண்டு பெரும்பாலும் இன்பமாகவே கழிகின்றது. வணக்கம் கூறல், பெயர் சொல்லல், எண்ணுதல், கடையிற் பொருள் கேட்டல் ஆகியவற்றோடு அவ்வாண்டு முடிந்துவிடும். கற்றதெல்லாம் நிகழ்காலத்தில் அமைந்த சிறு தொடர்களே. இரண்டாம் ஆண்டிலே இறந்தகாலம் வருகின்றது. அதனோடு துணைவினையும், எச்ச வடிவமும், பால் இயைபும் ஒருங்கே வருகின்றன. மாணவன் மலைத்து நிற்பதும், “இம்மொழி எனக்கு வாராது” என்று ஒதுங்க நினைப்பதும் இக்கட்டத்திலேதான்.

சிங்கப்பூரில் கல்வி அமைச்சின் மொழி நிலையத்தில் பிரெஞ்சு மூன்றாம் மொழியாகக் கற்பிக்கப்படுகின்றது. மலேசியாவிலும் உறைவிடப் பள்ளிகள் சிலவற்றில் அதற்கு இடமுண்டு. நம் தமிழ்ப் பிள்ளைகளும் அவ்வகுப்புகளில் இருக்கின்றனர். ஆங்கிலம், தமிழ் ஆகியவற்றோடு பிரெஞ்சும் சேரும்போது, “மூன்றில் ஒன்று சுமை, அது தமிழாகத்தான் இருக்கவேண்டும்” என்று எண்ணும் பெற்றோரும் உளர். அவ்வெண்ணம் பொருந்துமா என்பதை, இரண்டாம் ஆண்டுப் பாடங்களையே எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

இறந்தகாலமும் இரு துணைவினைகளும்

பிரெஞ்சுப் பேச்சில் முடிந்துபோன செயலைக் கூற ஒரு துணைவினையும், முதல்வினையின் எச்சமும் வேண்டும். துணைவினைகள் இரண்டு. ‘உடைமை’ப் பொருள் தரும் ‘அவுவார்’ என்பது ஒன்று. ‘இருத்தல்’ பொருள் தரும் ‘எத்ர்’ என்பது மற்றொன்று. பெரும்பாலான வினைகள் முன்னதையே ஏற்கும். போதல், வருதல், ஏறுதல், இறங்குதல், பிறத்தல், இறத்தல், தங்குதல், விழுதல் போன்ற ஏறக்குறைய பதினைந்து வினைகளும், செயல் செய்வானையே சென்று சேரும் தற்சுட்டு வினைகளும் பின்னதை ஏற்கும்.

இப்பட்டியலை நெட்டுருச் செய்வது மாணவர் வழக்கம். நெட்டுரு தேர்வுவரை வரும். ஆனால் ‘மோந்தே’ என்ற வினையிடம் வரும்போது தடுமாறும். ‘எல் எ மோந்தே’ என்றால் ‘அவள் ஏறினாள்’ என்று பொருள். இங்கே துணைவினை ‘எத்ர்’. ‘எல் ஆ மோந்தே லா வலீஸ்’ என்றால் ‘அவள் பெட்டியை மேலே ஏற்றினாள்’ என்று பொருள். இங்கே துணைவினை ‘அவுவார்’. ஒரே வினை இரு துணைகளை ஏற்பது ஏன் என்று ஆங்கிலவழி கற்கும் மாணவன் வியப்பான். தமிழறிந்த மாணவனுக்கோ விடை கையிலேயே இருக்கின்றது. ஏறினாள், ஏற்றினாள், இறங்கினாள், இறக்கினாள் என்னும் தன்வினை பிறவினை வேறுபாடே இது. நாம் வினையடியை மாற்றி உணர்த்துவதைப் பிரெஞ்சுக்காரர் துணைவினையை மாற்றி உணர்த்துகின்றனர்.

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பிரெஞ்சு மொழி நோக்குவது செயப்படுபொருள் உண்டா இல்லையா என்பதையே. ‘படிக்கட்டை ஏறினாள்’ என்னுமிடத்துப் படிக்கட்டு செயப்படுபொருளாக நிற்பதால், தமிழில் அது தன்வினையே ஆயினும், பிரெஞ்சில் ‘அவுவார்’ வரும். மேலும், செயப்படுபொருள் குன்றிய வினைகள் எல்லாம் ‘எத்ர்’ ஏற்பன அல்ல. நடத்தல், ஓடுதல், உறங்குதல் ஆகியன ‘அவுவார்’ வகையினவே. ஆகவே பட்டியலையும் கற்கவேண்டும். தன்வினை பிறவினை அறிவு அப்பட்டியலின் உட்பொருளை விளக்கும்.

‘எத்ர்’ வரும் இடங்களில் எச்சம் எழுவாயின் பாலையும் எண்ணையும் காட்டவேண்டும் என்பது அடுத்த விதி. சென்றவன் ஒருவனாயின் ஒருவகை எழுத்து. ஒருத்தியாயின் ஈற்றில் ஓர் எழுத்து மிகும். பலராயின் வேறொன்று மிகும். ஒலியோ நான்கு வடிவத்திற்கும் ‘அலே’ என்பது ஒன்றே. சென்றான், சென்றாள், சென்றார் என்று வினைமுற்றிலே பால் காட்டிப் பழகிய தமிழ் மாணவனுக்கு இவ்விதி புதிதன்று. தன்மையிலும் பால் காட்டவேண்டும் என்பதே அவன் புதிதாய் அறியவேண்டுவது. ‘நான் சென்றேன்’ என்று ஒரு பெண் எழுதினால், அங்கும் பெண்பால் எழுத்து வேண்டும்.

நிகழ்ந்ததும் நிகழ்ந்துகொண்டிருந்ததும்

இதனைத் தொடர்ந்து வருவது மற்றோர் இறந்தகாலம். ஒரு செயல் நடந்து முடிந்தது என்று கூற முன்னதும், நடந்துகொண்டிருந்தது அல்லது வழக்கமாக நடந்தது என்று கூறப் பின்னதும் பயன்படும். ‘நான் படித்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது’ என்னும் தொடரைப் பிரெஞ்சில் எழுதினால், படித்தல் பின்னைய வடிவத்திலும், அடித்தல் முன்னைய வடிவத்திலும் அமையும். ‘சிறுவயதில் நாள்தோறும் கடற்கரைக்குச் செல்வேன்’ என்று நாம் எதிர்கால வடிவாற் கூறும் பழைய வழக்கத்திற்கும் அப்பின்னைய வடிவமே உரியது.

ஆங்கிலத்தில் இறந்தகாலச் சொல் ஒன்றே முடிந்த செயலையும் வழக்கத்தையும் உணர்த்த வல்லது. ஆதலின், ஆங்கிலத்தினின்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவன் இவ்விடத்திற் பிழைபடுகின்றான். “இதைத் தமிழில் எப்படிச் சொல்வாய்?” என்று ஒரு கேள்வி கேட்டால் பெரும்பாலும் ஐயம் தீரும். ‘சென்றேன்’ என்பானாயின் முன்னையது. ‘சென்றுகொண்டிருந்தேன்’, ‘செல்வேன்’, ‘செல்வது வழக்கம்’ என்பானாயின் பின்னையது.

ஒலிப் புணர்ச்சி

தமிழாசிரியர் மிகவும் சுவைக்கத்தக்கது பிரெஞ்சு மொழியின் புணர்ச்சியே. ‘லெ’ என்னும் சுட்டிடைச்சொல்லும், ‘நண்பன்’ எனப் பொருள்படும் ‘அமி’யும் சேர்ந்தால் ‘லமி’ ஆகும். நிலைமொழி ஈற்றுயிர் கெட்டு, எஞ்சிய மெய்யின்மேல் வருமொழி உயிர் ஏறுகின்றது. ‘காடு’ என்பதும் ‘இல்லை’ என்பதும் ‘காடில்லை’ ஆவதை அறிந்தவர்க்கு இதில் விளக்க என்ன இருக்கின்றது?

பன்மையில் ‘லே’ என்னும் சொல்லின் இறுதியில் எழுதப்பட்டும் ஒலிக்கப்படாத மெய்யொன்று உண்டு. உயிர் வருமொழியாக வந்தால் அது விழித்தெழுந்து ‘லேஸமி’ என ஒலிக்கும். ‘அவனிடம் உண்டா?’ என்னும் வினாவிலோ, ‘ஆ’ என்ற வினையும் ‘இல்’ என்ற பெயரும் அடுத்து நிற்க முடியாமல், இடையே ‘த்’ தோன்றி ‘ஆத்தில்’ ஆகின்றது. பிற வினைகளின் ஈற்றிலிருந்த ஒலி ஒப்புமையால் இங்கும் பரவியது என்பர். பிறப்பு எதுவாயினும், அது செய்யும் தொழில் நம் உடம்படுமெய்யின் தொழிலே. ‘என்’ எனப் பொருள்படும் பெண்பாற் சொல் ‘மா’ என்பது. உயிர்முதற் சொல்லுக்கு முன்னர் அதனை விடுத்து ஆண்பாற் சொல்லைக் கொண்டு ‘மோனமி’ என்பர். ‘ஒரு வீடு’ என்பவர் ‘ஓர் ஊர்’ என்பதைப் போல.

விதிவிலக்கும் உண்டு. ‘வீரர்கள்’ எனப் பொருள்படும் ‘லே எரோ’ என்னும் தொடரில் புணர்ச்சி கூடாது. புணர்த்தால் ‘சுழியங்கள்’ என்று பொருளாகிவிடும். வீரரைச் சுழியமாக்கிய பழி மாணவனைச் சேரும்.

தமிழ் உதவாத இடங்கள்

தமிழறிவு எல்லா இடத்தும் துணைவரும் என்று கூறின் அது மிகையாகும். நம் மொழியில் பால் பொருள்பற்றியது. பிரெஞ்சில் அது சொல்பற்றியது. அங்கே மேசை பெண்பால், நூல் ஆண்பால். ஞாயிறு ஆண்பால், திங்கள் பெண்பால், அண்டை மொழியாகிய செருமனியிலோ இவ்விரண்டும் தலைகீழ். காரணம் தேடிப் பயனில்லை. பெயர்ச்சொல்லைச் சுட்டிடைச்சொல்லோடு சேர்த்தே மனத்திற் பதிப்பதொன்றே வழி.

எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள இடைவெளியும் அத்தகையதே. பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறான், பேசுகிறார்கள் என்னும் நான்கினையும் ‘பார்ல்’ என்றே ஒலிப்பர். எழுதும்போதோ ஈறு மூன்று வகைப்படும். இதனாலேயே பிரெஞ்சு வகுப்புகளில் ‘சொல்வதெழுதல்’ பெருமதிப்புப் பெற்றுள்ளது.

ஆங்கிலம் தரும் உதவியிலும் பொறியுண்டு. 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் பல ஆங்கிலத்திற் புகுந்தன. ஆதலின், காணும் சொற்கள் பல பழகிய முகம் காட்டும். ஆனால் ‘லிப்ரேரி’ என்பது நூலகமன்று, நூற்கடை. ‘லெக்த்யூர்’ என்பது சொற்பொழிவன்று, வாசிப்பு. ‘ரெஸ்தே’ என்பது ஓய்வெடுத்தலன்று, தங்குதல்.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை விளங்கும். இரண்டாம் ஆண்டிலே மாணவனை மருட்டும் பகுதிகளுட் சில, அவன் தமிழ் வகுப்பிலே முன்னமே சந்தித்தவை. தன்வினை பிறவினையும், பால்காட்டும் வினைமுற்றும், உயிரீற்றுப் புணர்ச்சியும் தேர்வுக்கு மட்டும் உரிய விதிகளாக அவனுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தால், அவற்றைப் பிரெஞ்சு வகுப்பில் அவன் அடையாளம் காணமாட்டான். மொழி இயங்கும் முறையாகக் கற்பிக்கப்பட்டிருந்தால், “இதை நான் அறிவேன்” என்று ஊக்கம் கொள்வான்.

ஆகவே, பிரெஞ்சு பயிலும் மாணவன் தம் வகுப்பில் இருப்பின், தமிழாசிரியர் அவனை அழைத்து, ‘லமி’ எப்படிப் புணர்ந்தது என்று மற்ற மாணவர்க்கு விளக்கச் செய்யலாம். அவனுக்கும் தெளிவு பிறக்கும். கேட்போருக்கும் புணர்ச்சியியல் வெறும் சூத்திரமன்று என்பது புலனாகும். பெற்றோர் சுமை என்று இறக்கிவைக்க எண்ணும் தமிழே மூன்றாம் மொழிக்கு ஏறும் படிகளுள் ஒன்று என்பதை, அவர்தம் பிள்ளையின் வாயாலேயே அவர்கள் கேட்கட்டும்.