கல்லாப் பெட்டிக்குக் கருநிறம்: பழைய மரச் சாமானை வீட்டிலேயே புதுப்பிக்கும் முறை

வியாபாரியின் முதல் எது என்று கேட்டால், கையிலுள்ள ரொக்கத்தையும் கிடங்கிலுள்ள சரக்கையும் சொல்வோம். கடையில் இரண்டு தலைமுறையாக நிற்கும் கல்லாப் பெட்டி, கணக்கு மேசை, கண்ணாடி அலமாரி, வீட்டிலுள்ள ஊஞ்சல் பலகை, சாய்வு நாற்காலி ஆகியவற்றை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் அவையும் முதல்தான். அந்தக் காலத்தில் வாங்கிய தேக்கும் தோதகத்தியும் இன்று அதே கனத்தில், அதே வைரத்தோடு கிடைப்பது அரிது.

இருந்தும் இன்று நடப்பது என்ன? பிள்ளைகள் பொறுப்புக்கு வந்ததும் கடையை நவீனமாக்க விரும்புகிறார்கள். அது நியாயமான ஆசையே. எண்ணெய்க் கறையும் மைக் கறையும் ஏறி, நிறம் மங்கி, அங்கங்கே வெளுத்துக் கிடக்கும் பெட்டியைப் பார்த்தால் யாருக்கும் சலிப்பு வரும். பழைய சாமான் வாங்குகிறவர் வந்து ஒரு விலை சொல்வார், கொடுத்துவிடுவோம். அதற்குப் பதிலாக மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் மேசை வந்து இறங்கும். நம் கடைகளில் தரை கழுவும் ஈரமும், எண்ணெய் டின் கசிவும், உப்பு மூட்டையின் நீரும் ஓயாது. அந்தப் பலகை அடியில் ஊறி உப்பிப் பிரிந்துவிடும். நாம் விற்ற பெட்டியோ காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் நிறைந்த தெருவில் மெருகேறி, நமக்குக் கிடைத்ததைப் போல் பல மடங்கு விலைக்கு நிற்கும். இடையில் நடந்த வேலை என்ன? பழைய பூச்சை எடுத்து, சற்று அடர்ந்த நிறம் கொடுத்து, பாலிஷ் போட்டிருப்பார்கள். அந்த வேலையை நாமே செய்யலாம்.

முதலில் மரத்தைப் பாருங்கள்

வேலையில் இறங்குமுன் டிராயரைக் கழற்றி அடிப்பக்கத்தையும் ஓரத்தையும் பார்க்க வேண்டும். மேலே ஓடும் ரேகை ஓரத்திலும் தொடர்ந்து ஓடினால் அது முழுமரம். ஓரத்தில் அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகையின்மேல் மெல்லிய தேக்குத் தோல் ஒட்டியது. அந்தத் தோல் காகித கனமே இருக்கும். அழுத்தித் தேய்த்தால் அடிப்பலகை வெளியே வந்துவிடும், பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை. அதை மென்மையான தாளால் கையாலேயே தேய்க்க வேண்டும்.

அடுத்து, பழைய பூச்சு எது என்று அறிய வேண்டும். வெளியே தெரியாத இடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சைச் சிறிது நேரம் வைத்துப் பாருங்கள். பூச்சு பிசுபிசுத்து இளகினால் அது அவலரக்கில் செய்த பழைய பிரெஞ்ச் பாலிஷ். ஸ்பிரிட்டைக் கொண்டே அதைத் துடைத்தெடுத்துவிடலாம். இளகாவிட்டால் வார்னிஷாகவோ வேறு பூச்சாகவோ இருக்கும், அதைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

மேலே வண்ணப் பெயின்ட் அடித்த பழைய சாமானாக இருந்தால் எச்சரிக்கை தேவை. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016இல் வந்து, 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முந்திய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்ந்த நிலையில் தேய்த்தால் பறக்கும் தூள் நஞ்சு. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அருகில் இருக்கக் கூடாது. உணவுப் பொருள் விற்கும் கடைக்குள் அந்த வேலையை நினைக்கவே கூடாது. அத்தகைய சாமானை அனுபவமுள்ள தொழிலாளியிடம் விவரம் சொல்லி ஒப்படைப்பதே நல்லது.

தேய்ப்பதில்தான் பாதி வேலை

மரத்துக்குள் இறங்கினால்தான் சாயம் பிடிக்கும். பழைய பூச்சு ஒரு பொட்டு மிஞ்சியிருந்தாலும் அந்த இடம் வெளிறி நிற்கும். ஆகவே பொறுமையாகத் தேய்க்க வேண்டும். 80 அல்லது 100 எண் உப்புத்தாளில் தொடங்கி, 120, பிறகு 150 அல்லது 180 என்று போகலாம். எப்போதும் ரேகை ஓடும் போக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் அப்போது கண்ணுக்குத் தெரியாது. சாயம் பூசியவுடன் கறுத்த கோடாக எழுந்து நிற்கும். அடர்ந்த நிறம் எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்பது பலரின் எண்ணம். கறையை ஓரளவு மறைக்கும், கீறலைக் காட்டிக்கொடுக்கும்.

இன்னும் வழவழப்பாக வேண்டுமென்று மிக நைசான தாளில் தேய்த்துக்கொண்டே போனால் மரத்தின் துளைகள் அடைபட்டு நிறம் ஏறாது. பலகையின் வெட்டு முனை மட்டும் சாயத்தை அதிகம் குடிக்கும். ஆகவே அங்கே மாத்திரம் 220 எண் தாளில் தேய்த்துவிடுவது நல்லது.

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. நம் கடைச் சாமானிலோ கடலை எண்ணெயும் கைப்பசையும் கூடவே ஏறியிருக்கும். தூளைத் துடைத்தபின் தின்னர் நனைத்த துணியால் ஒருமுறை நன்றாகத் துடைத்து உலரவிட வேண்டும். ஆணித் துளைகளுக்குப் பட்டி வைக்கும்போது கவனம் தேவை. சாயம் ஏற்கும் பட்டிதானா என்று கேட்டு வாங்குங்கள்.

நிறம் ஏற்றுதல்

ஹார்டுவேர் கடைகளில் வால்நட், ரோஸ்வுட், மகாகனி என்ற பெயர்களில் தயார்ச் சாயங்கள் கிடைக்கின்றன. டப்பாவின் மேல் காட்டிய நிறம் நம் மரத்தில் அப்படியே வராது. மரத்தின் சொந்த நிறமும் சேர்ந்தே வரும். ஆகவே டிராயரின் அடிப்பக்கத்தில் பூசி, உலரவிட்டு, பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகே முகப்பில் கை வைக்க வேண்டும். விரும்பியதைவிடச் சற்று இளநிறமாகவே தொடங்குங்கள். மேலும் கறுப்பாக்குவது எளிது. கறுத்ததை வெளுப்பாக்க வேண்டுமானால் மறுபடி தேய்க்க வேண்டியதுதான்.

துணியில் தொட்டுத் தாராளமாகப் பூசி, ஐந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, மிஞ்சியதை ரேகைப் போக்கில் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால் பிசுக்காக நின்றுவிடும். ஒருநாள் முழுதும் உலர்ந்தபின் போதவில்லையென்றால் இரண்டாம் கை கொடுக்கலாம். தண்ணீரில் கரைக்கும் சாயமானால், முதலில் ஈரத்துணியால் மரத்தைத் துடைத்து, உலர்ந்ததும் எழும் சிலும்பை நீவிவிட்டுப் பிறகு பூசுவது முறை.

நம் சரக்கிலேயே ஒரு சாயம் இருக்கிறது என்பது மளிகை வியாபாரிகளுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கருநிறம் பிறக்கும். கலம்காரித் துணியில் கறுப்பு வருவது இந்த வழியில்தான். துணியைக் கடுக்காய் நீரில் நனைத்து, வெல்லத்தோடு புளிக்கவைத்த இரும்பு நீரால் வரைகிறார்கள். மரத்துக்கும் அதே முறை செல்லும். இடித்த கடுக்காயைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடிகட்டி, மரத்தில் பூசி உலரவிட வேண்டும். வேறொரு கண்ணாடிப் பாத்திரத்தில் வினிகரில் இரும்பு ஆணிகளைப் போட்டுச் சில நாள் ஊறவைத்து, அந்த நீரை வடிகட்டி மேலே பூசினால் கண்ணெதிரே கறுக்கும். தண்ணீர் கலந்து பூசினால் நிறம் மட்டுப்படும். ஊறும் பாத்திரத்தை இறுக மூடக் கூடாது, உள்ளே வாயு உண்டாகும். சமையல் பாத்திரத்தையும் இதற்கு எடுக்கக் கூடாது.

மேல்பூச்சு

சாயம் நிறம் மட்டுமே தரும். காப்பது மேல்பூச்சு. நம் நாட்டுச் சரக்கான அவலரக்கு இதில் பேர்பெற்றது. பலாசம் போன்ற மரங்களில் வாழும் சிறு பூச்சியிலிருந்து கிடைக்கும் இந்த அரக்கு, ஜார்க்கண்ட் பகுதியில் மிகுதி. இதற்கென ராஞ்சி அருகே நாம்கும்மில் 1924இலேயே ஆய்வு நிலையம் தொடங்கினார்கள். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு ஏறக்குறைய கால் கிலோ அவலரக்கைப் போட்டு இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டிக்கொள்ளலாம். முதல் கைக்கு இன்னும் நீர்க்கக் கலக்க வேண்டும். பஞ்சைத் துணியில் பொதிந்து, தொட்டு, மெல்லிய கையாகப் பலமுறை ஓட்ட வேண்டும். தேவைக்கு மட்டும் கலக்குங்கள். நாட்பட்ட கலவை சரியாகக் காயாது.

இந்த மெருகு அழகானது, ஆனால் சூடான டீ கிளாஸும் தண்ணீரும் பட்டால் வெள்ளை வளையம் விழும். ஆகவே அலமாரிக்கும் ஊஞ்சலுக்கும் அவலரக்கு, கைபடும் கல்லா மேசையின் மேல்பலகைக்கு பாலியூரித்தேன் வார்னிஷ் என்று பிரித்துக்கொள்வது உத்தமம். இரண்டு மூன்று கை அடித்து, ஒவ்வொரு கைக்கும் இடையில் டப்பாவில் சொன்ன நேரம் விட்டு, மென்தாளால் லேசாக நீவ வேண்டும். கடைசிக் கைக்குப் பிறகு ஒரு வாரமாவது கனத்த சாமான் வைக்கக் கூடாது.

காலமும் இடமும்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலை வேண்டாம். காற்றில் ஈரம் இருந்தால் அரக்குப் பூச்சு பால்போல் வெளுத்துவிடும். மாசி, பங்குனி நல்ல காலம். ஏப்ரல் புதுக் கணக்குக்குப் பெட்டி தயாராகிவிடும். ஒரு சாமானுக்கு ஒரு வாரமாவது ஆகும். ஆகவே ஒவ்வொன்றாக எடுங்கள்.

வேலையைக் கடைக்குள் செய்யாதீர்கள். தேயிலை, காப்பித்தூள், மாவு, அரிசி எல்லாம் பக்கத்து வாசனையை இழுத்துக்கொள்ளும். டர்பன்டைன் வாசனை ஏறிய தேயிலையை எந்த வாடிக்கையாளர் இரண்டாம் முறை வாங்குவார்? மொட்டை மாடியில் நிழலான, காற்றோட்டமான இடமே சரி. அடுப்பும் ஊதுபத்தியும் பீடியும் அருகில் கூடாது.

எண்ணெய்த் துணி எரியும்

இந்தக் கட்டுரையில் மற்றதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ஆளி விதை எண்ணெயும், அது சேர்ந்த சாயமும் வார்னிஷும் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு உண்டாகிறது. பலகையில் அந்தச் சூடு பரவிப் போய்விடும். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் சூடு உள்ளேயே தங்கி ஏறி, தீக்குச்சியில்லாமலே பற்றிக்கொள்ளும்.

1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தில் இதுதான் நடந்தது. மரப் பலகைகளைப் புதுப்பித்தவர்கள் 22ஆம் மாடியில் விட்டுப்போன ஆளி எண்ணெய்த் துணிகளில் தீ மூண்டது. தீயணைப்பு வீரர் மூவர் மாண்டனர். 30ஆம் மாடிக்கு ஏறியபோது அங்கிருந்த தானியங்கி நீர்த் தெளிப்பான்களே தீயை நிறுத்தின. அந்தக் கட்டடம் மீண்டும் பயன்பாட்டுக்கு வரவேயில்லை, பின்னாளில் இடித்துவிட்டார்கள்.

சாக்கும் அட்டைப் பெட்டியும் எண்ணெய் டின்னும் அடுக்கிய நம் கிடங்குகளில் நீர்த் தெளிப்பான் ஏது? ஆகவே வேலை முடிந்த துணிகளைத் திறந்த வெளியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது மூடியுள்ள தகர டின்னில் தண்ணீர் ஊற்றி மூழ்கவைக்க வேண்டும். மூலையில் சுருட்டி எறிந்துவிட்டு இரவு கதவைப் பூட்டக் கூடாது. வேலைப் பையன்களிடமும் பாலிஷ் தொழிலாளியிடமும் இதை வாய்விட்டுச் சொல்லி, கண்ணால் பார்த்த பிறகே பூட்டுங்கள்.

எல்லாச் சாமானுக்கும் இந்தச் சிரமம் தேவையில்லை. கறையான் உள்ளே அரித்ததையும், தோல் உரிந்த ஒட்டுப்பலகையையும் விட்டுவிடலாம். பெரிய அலமாரிக்கு நல்ல பாலிஷ் தொழிலாளி கிடைத்தால் உரிய கூலி கொடுத்து ஒப்படையுங்கள். அந்தக் கைத்தொழில் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். ஆனால் முழுமரத்தில் செய்த கல்லாப் பெட்டி உங்களிடம் இருந்தால், அதற்கு யாராவது விலை சொல்லும் முன், ஒரு டிராயரின் அடியில் கையளவு இடத்தைத் தேய்த்து ஸ்பிரிட்டால் துடைத்துப் பாருங்கள். உள்ளேயிருக்கும் மரம் தெரியும். அதற்குப் பிறகு விற்பதா வைத்துக்கொள்வதா என்று பிள்ளைகளோடு கலந்து முடிவு செய்யலாம்.